பரலோகக் குடியுரிமை இருக்கிறவனுக்கு வாக்காளர் அட்டை எதற்கு?

கேள்வி: 24 மார்ச் 2024, இரவு

காலையில் குருத்தோலை பிடித்துக்கொண்டு, ஓசன்னா பாடி, தெருவெல்லாம் சுற்றி வந்தோம். ராஜா வருகிறார் என்று சபைப் போதகரான ஐயர் பிரசங்கம் செய்தார். மத்தியானம் வீட்டு வாசலில் கட்சிக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று பவுல் எழுதியிருக்கிறார். "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். அப்படியானால் ஏப்ரல் 19 அன்று நான் ஏன் ஓட்டு வரிசையில் போய் நிற்க வேண்டும்? கிறிஸ்துவின் ராஜ்யத்தில் உண்மையுள்ள குடிமகனாக இருப்பது என்றால் உலகத்து ராஜ்யத்தை விட்டு விலகி இருப்பதுதானே? எனக்கு வயது 23. இந்தப் பேச்சால் வீட்டில் சண்டை. வேதத்தை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பதில்: 25 மார்ச், காலை

தம்பி, போய் ஓட்டுப் போடு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

அந்தக் "குடியிருப்பு" என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நான் சின்ன வயதில் வளர்ந்த தெருவுக்குப் பக்கத்தில் காவலர் குடியிருப்பு. வரிசையாக மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். பிலிப்பியர் 3:20-ஐ மனப்பாடம் சொல்லும்போதெல்லாம் பரலோகத்தில் நமக்கு ஒரு குவார்ட்டர்ஸ் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இங்கே மூட்டை கட்டிவிட்டு அங்கே போய்ச் சாவி வாங்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொள்வேன். கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் அதே வசனம் "நமக்கோ விண்ணகமே தாய்நாடு" என்று இருக்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் பொலிதேயுமா. குடிமக்கள் என்ற உரிமை, அந்தக் குடிமக்கள் சேர்ந்த சமூகம், இரண்டையும் அது குறிக்கும். வீட்டு எண் அல்ல.

இதை ஏன் பிலிப்பி ஊருக்கு எழுதினார்? கி.மு. 42-ல் அங்கே பெரிய யுத்தம். ஜெயித்த தளபதிகள் தங்கள் பழைய போர்வீரர்களை அங்கேயே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். ஊர் மக்கெதோனியாவில், ஆனால் அந்தக் குடியேற்றத்தாரின் பேர் ரோமாபுரிக் கணக்கில். சட்டம் ரோமச் சட்டம், கல்வெட்டு லத்தீனில். அவர்களுடைய வேலை மூட்டை கட்டிக்கொண்டு ரோமாபுரிக்குத் திரும்புவது அல்ல. பிலிப்பியில் இருந்துகொண்டே ரோமர்களாக வாழ்வது. அதே ஊருக்குப் பவுல் சொல்கிறார்: உங்கள் குடியுரிமை பரலோகத்தில். மீதியை அந்த ஊர்க்காரர்களே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. 1:27-ல் "சுவிசேஷத்திற்குப் பாத்திரராகமாத்திரம் நடந்துகொள்ளுங்கள்" என்று வருகிறதே, அந்த "நடந்துகொள்ளுங்கள்" கிரேக்கத்தில் இதே வேர்ச்சொல். குடிமகனாக வாழுங்கள் என்று அர்த்தம். தமிழில் அந்தத் தொடர்பு தெரிவதில்லை.

25 மார்ச், இரவு

பத்திரம் எழுதி முடித்து வந்து மறுபடி யோசித்தேன். அப்போஸ்தலர் 16 நடந்ததும் இதே பிலிப்பியில்தான். பவுலையும் சீலாவையும் சந்தை வெளியில் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் ரகசியமாக விடப் பார்த்தபோது பவுல் சொல்கிறார்: "ரோமராகிய எங்களை நியாயம் விசாரியாமல், வெளியரங்கமாய் அடித்து, சிறைச்சாலையிலே போட்டார்கள்; இப்பொழுது இரகசியமாய் எங்களை விடுதலையாக்குகிறார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்." ஆக, பரலோகக் குடிமகன் பூமியின் குடியுரிமையைத் தூக்கிப் போடவில்லை.

அடி விழுவதற்கு முன்பே ஏன் சொல்லவில்லை? இதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான். முன்பே சொல்லியிருந்தால் அவர் முதுகு தப்பியிருக்கும். பிறகு சொன்னதால் அதிகாரிகளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் லீதியாள் வீட்டில் கூடியிருந்த புது விசுவாசிகளுக்கு, அடி வாங்கினால் கேட்க நாதியில்லாதவர்களுக்கு, கொஞ்ச நாளாவது நிழலாக இருந்திருக்கும். வசனத்தில் அப்படி எழுதியில்லை, என் கணிப்பு.

27 மார்ச்

"என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல என்பதற்கு என்ன பதில்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யோவான் 18:36-ல் பாதியில் நிறுத்திவிடுகிறோம். மீதியையும் வாசியுங்கள்: அது இவ்வுலகத்திற்குரியதானால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்கிறார். முந்தின ராத்திரிதான் பேதுரு வாளை உருவி ஒருவன் காதை வெட்டியிருந்தார். அந்த ராஜ்யம் வாளால் வராது என்பதுதான் பேச்சு. இந்த உலகத்தில் நடக்கிறது எதுவும் எனக்குச் சம்பந்தமில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படியிருந்தால் தன்னை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவிடம் பதில் பேசிக்கொண்டு நின்றிருக்கவே மாட்டார்.

ராஜ்யம் இருக்கும் இடம் உள்ளம். "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே", லூக்கா 17:21. வெளியே தேட வேண்டாம்.

ஆனால் உள்ளத்தில் இருப்பது வெளியே தெரிய வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது கையெழுத்துப் போடுகிற இடம். நான் பத்திர எழுத்தர், 22 வருடமாக இதுதான் தொழில். எனக்குத் தெரிந்த ஒரு சபை, ஆலயத்தை ஒட்டிய இடத்தை மண்டபம் கட்ட வாங்கியது. பேசின விலை 40 லட்சம். பத்திரத்தில் அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு 18 லட்சம்தான் காட்டினார்கள். மீதி 22 லட்சம் ஒரு துணிப்பையில் போனது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் என்று போட்டால், 1,98,000 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகவில்லை. மண்டபத்துக்குக் கல் நாட்டுகிற அன்று "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்ற வசனத்தை வாசித்தார்கள்.

29 மார்ச், பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை முடிந்து வந்தேன். ஒரு திருத்தம்.

லூக்கா 17:21 பற்றி முந்தாநாள் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆண்டவர் அந்த வார்த்தையைச் சொன்னது தம்மை எதிர்த்துக்கொண்டிருந்த பரிசேயரிடம். அவர்கள் உள்ளத்தில் ராஜ்யம் இருந்தது என்றா சொல்லியிருப்பார்? அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு "உங்கள் நடுவில்" என்றும் பொருள் கொள்ளலாம், பல மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் எடுத்திருக்கின்றன. ராஜா அவர்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளத்தில் மட்டும்தான் ராஜ்யம் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியமாகப் போய்விடுகிறது. அங்கே யாரும் வந்து கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

இன்று வேறு எழுத மனம் வரவில்லை.

1 ஏப்ரல்

ஈஸ்டர் முடிந்து கடை திறந்தாயிற்று. சனிக்கிழமை முழுக்க ஒரு பழைய விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கி.பி. 180, ஜூலை 17, கார்த்தேஜ். வட ஆப்பிரிக்காவில் சில்லியம் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த 12 கிறிஸ்தவர்களை ரோம ஆளுநர் சத்துர்நீனு முன்னால் நிறுத்துகிறார்கள். ஆணும் பெண்ணும். விசாரணைக் குறிப்பு இன்றும் இருக்கிறது, ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட வரும். இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசனுடைய, தெய்வீகத்தின் பேரில் சத்தியம் பண்ணு என்கிறார் ஆளுநர். ஸ்பெராத்துஸ் என்பவர், இந்த உலகத்தின் அரசை நான் ஏற்கவில்லை, கண்ணால் காண முடியாத தேவனையே சேவிக்கிறேன் என்று பதில் சொல்கிறார். அதே மூச்சில் அடுத்த வாக்கியம்: நான் திருடினதில்லை, எதை வாங்கினாலும் தீர்வையைக் கட்டிவிடுகிறேன், ஏனென்றால் ராஜாதி ராஜாவாகிய என் ஆண்டவரை அறிந்திருக்கிறேன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. "உலகத்து அரசை ஏற்கவில்லை" என்று உன்னைப்போலவே சொன்னவர்தான். ஆனால் அதே வாயால் தீர்வை கட்டினேன் என்கிறார். கட்டியது இராயனுக்குப் பயந்து அல்ல, தன் ராஜாவை அறிந்ததால். தோனாத்தா என்ற பெண் சொன்னது இன்னும் சுருக்கம்: இராயனுக்கு இராயன் என்ற கனம், பயம் தேவனுக்கு மட்டும். யோசிக்க 30 நாள் தவணை தருகிறேன் என்றார் ஆளுநர். வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்றைக்கே தலை போயிற்று.

தீர்வை என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் தினமும் நாற்பது தடவை எழுதுகிறேன்.

2 ஏப்ரல்

27-ஆம் தேதி எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று கணக்கு. அந்தக் கிரையம் நடந்தது 2018-ல். 9 சதவீதம் என்பது 2023-ல்தான் வந்தது. 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். ஆகவே அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, மொத்தம் 11. விட்டுப்போன தொகை 2,42,000 ரூபாய்.

இரண்டாவது, "எனக்குத் தெரிந்த ஒரு சபை" என்று எழுதினேன். அது என் சபை. அந்தப் பத்திரத்தை எழுதியது நான். நான் அப்போது கமிட்டி உறுப்பினரும்கூட.

நடந்தது இப்படி. விற்கிறவர், 18-க்குப் பத்திரம் போட்டால்தான் தருவேன் என்று நின்றார். கமிட்டியில் ஐந்து நிமிடம் பேச்சு. "ஊரெல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி, நீங்களே தினம் எழுதுறீங்க" என்றார்கள். உண்மைதான், தினம் எழுதுகிறேன். 18 லட்சத்துக்கு வரைவோலை, அதை எண்ணோடு பத்திரத்தில் குறித்தேன். செக்குபந்தி எழுதினேன். வடக்கே நமது ஆலயச் சுவர், கிழக்கே பொதுப்பாதை. பிறகு எல்லாப் பத்திரத்திலும் வருகிற அந்த வரி: "மேற்படி கிரையத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டபடியால்". அந்த வரியை எழுதும்போது பை என் மேசைக்குக் கீழே, என் காலில் இடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பையில் இருந்தது யார் பணம்? அறுப்பின் பண்டிகை ஏலப் பணம். பெண்கள் ஐக்கியத்தார் சேர்த்த கைப்பிடி அரிசிப் பணம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் விற்றுச் சேர்த்த காசு. அதை நான் கணக்கில் வராத பணமாக ஆக்கினேன்.

8 ஏப்ரல்

இடையில் பலர் எழுதியிருந்தீர்கள், நன்றி. "அப்போ அரசாங்கம் என்ன சொன்னாலும் கேட்கணுமா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை.

1985, கேரளா. யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் பள்ளியில் தேசிய கீதம் பாடவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் உபதேசத்தில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு விஷயம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்ட் 11-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். நம் மரபு சகிப்புத்தன்மையைப் போதிக்கிறது, நம் தத்துவம் அதையே சொல்கிறது, நம் அரசியல் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யாதிருப்போம் என்று முடித்தார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

அந்த வழக்கில் என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு விவரம்: பாட்டு நடக்கும்போது அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் எழுந்து நின்றார்கள். பாடவில்லை, ஆனால் நின்றார்கள். மனசாட்சி விடாத இடத்தில் வாயை மூடினார்கள், மரியாதை கொடுக்கக்கூடிய இடத்தில் காலை ஊன்றி நின்றார்கள். தோனாத்தா சொன்னதும் அதுதானே?

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நான் உட்பட. சத்தமாகப் பாடிவிட்டுத் தீர்வையில் கை வைக்கிறோம்.

14 ஏப்ரல், ஞாயிறு

இன்று கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எபிரெயர் 11:13-ல் "அந்நியரும் பரதேசிகளும்" என்று வருகிறது. சின்னப் பையன்கள் ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பரதேசி என்பது திட்டு. நான் வகுப்பு எடுத்த காலத்தில் அவர்களைச் சிரிக்க விடுவேன். பிறகு எபேசியர் 2:19-ஐ எடுக்கச் சொல்வேன்: "நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து". உலகத்துக்குப் பரதேசி, ஒருவருக்கொருவர் ஒரே ஊர்க்காரர்.

ஒரே நகரத்தார். இதில்தான் நம் சபைகள் தோற்றன. எங்கள் நெல்லைச் சீமையில் 1774-ல் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் எங்களுக்கு ஆராதனை இல்லை. தஞ்சாவூர் ஆலயத்தில் சாதிப்படி தனித்தனியே உட்காருவதை மிஷனரிகள் மாற்றப் பார்த்தபோது அதை எதிர்த்து 1829-ல் எழுதியவரும் அவர்தான். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் தீர்மானமாக, உடனடியாக, முற்றுமாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். சாஸ்திரியாரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் நிற்கிறது.

எனக்கு ராஜ்யம் கண்ணில் தெரிந்த இடம் அசனப் பந்தி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் ஆலயப் பண்டிகையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதை அசனம் என்போம். ராத்திரி முழுக்க அண்டாவில் சோறு வெந்து, பனையோலைப் பாயில் கொட்டி ஆற வைத்திருப்பார்கள். போன வருடம் என் இலைக்கு இடப்பக்கம் ஒரு டாக்டர், வலப்பக்கம் ஆலயம் பெருக்குகிற அக்கா. அக்கா இலையில் கறி விழவில்லை. டாக்டர் எட்டி, கரண்டிக்காரரைக் கூப்பிட்டு, "அவங்களுக்கு வைங்க, அப்புறம் எனக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. என் தாத்தா காலத்தில் அந்த அக்காவின் ஆட்களுக்கு அந்தப் பந்தியில் இலையே கிடையாது. அதைத் தாத்தாவே என்னிடம் சொல்லியிருக்கிறார், சாதாரணமாக, மழை பெய்ததைச் சொல்வது போல.

17 ஏப்ரல்

நேற்று ராத்திரி வீட்டுக்குக் கவர் வந்தது. யார் கொடுத்தார்கள் என்பது முக்கியமில்லை. வீட்டில் நாலு ஓட்டு, தலைக்கு இவ்வளவு என்று. என் மனைவி கதவை முழுக்கத் திறக்காமலே, "வேண்டாம் தம்பி, நாங்க வாங்குறதில்லை" என்றாள். கொண்டு வந்த பையன் எங்கள் சபைப் பையன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவனுக்குத் திருமணப் பதிவுப் பாரம் போன வருடம் நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

தம்பி, நீ ஓட்டுப் போட மாட்டேன் என்று நிற்பதைவிட உன் வீட்டுக்கு வந்த கவரை என்ன செய்தாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். எழுது.

19 ஏப்ரல்

காலை 7.40-க்குப் போட்டுவிட்டேன். எங்கள் பூத் ஒரு பள்ளிக்கூடம். வெயில் ஏறுவதற்கு முன்பே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முன்னால் ஒரு பாட்டி, மை வைத்த விரலை ஈரம் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதினதை வரிசையில் நின்று நினைத்துக்கொண்டேன்: அந்தப் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்". அவர்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணம் அது.

20 ஏப்ரல்

தம்பி எழுதியிருக்கிறார். ஓட்டுப் போட்டாராம். கவரை அவர் அப்பா வாங்கிவிட்டாராம், அதைப் பற்றி இன்னொரு சண்டையாம். இந்தச் சண்டை நல்ல சண்டை. ஆனால் அப்பாவிடம் குரல் உயர்த்தாதே. "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்" என்று பேதுரு எழுதியதில் அப்பாவும் அடக்கம்.

கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: "2,42,000 என்ன ஆச்சு அண்ணாச்சி?"

29 ஏப்ரல்

நேற்று சாயங்காலம் 4 மணிக்குக் கமிட்டி. இப்போது நான் உறுப்பினர் இல்லை, ஆனாலும் ஐயரிடம் கேட்டு அனுமதி வாங்கிப் போனேன். பத்திர நகலை மேசையில் வைத்தேன். நடந்ததை எண்ணோடு சொன்னேன். விலை, பை, அந்த வரி, என் கூலி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். பிறகு ஒருவர், "ஆறு வருஷம் ஆச்சு, இப்போ எதுக்கு அண்ணாச்சி இதைக் கிளறுறீங்க? சபை பேர்தானே கெடும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இன்னொருவர், வக்கீலிடம் கேட்டு, குறைவாய்ப் போன தீர்வையை நாமாகவே கட்ட வழியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். ஐயர், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்ற சகேயுவின் பகுதியை எடுத்து வாசித்துவிட்டு ஜெபம் பண்ணினார். அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரத்துக்கு நான் வாங்கிய கூலி 12,000. அதை ஒரு கவரில் போட்டு, எதற்கு என்று மேலே எழுதி, பொருளாளர் கையில் கொடுத்தேன். அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டு, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "2018 கிரையம்" என்று எழுதச் சொன்னேன்.

இன்று காலை கடைக்கு ஒருவர் வந்தார். மூன்று சென்ட் இடம். பேசின விலையை எழுதினால்தான் நான் எழுதுவேன் என்றேன். வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.